உலை உரித்த தோல்

மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில், பாலாற்றை ஒட்டி இருக்கும் முனீர் அகமதுவின் எஃகு வார்ப்பாலையில், கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில், மின் உலையின் கசடு ஆட்டுத்தோலாக வெளியே வந்தது. வழக்கமாக அது பாகு போல உலைவாசல் வழியாக வழிந்து, கீழே மணல் பரப்பிய குழியில் விழுந்து, ஆறிக் கறுத்துக் கல்லாகிவிடும். பிறகு கடப்பாரையால் உடைத்து, டிராக்டரில் ஏற்றி, எங்காவது பள்ளம் தூர்க்க அனுப்புவார்கள். அன்று கடப்பாரையை இறக்கியபோது கசடு உடையாமல் மடிந்தது. கம்பியில் கோத்துத் தூக்கினார்கள். நன்றாக வளர்ந்த வெள்ளாட்டின் தோல் அளவுக்கு, கழுத்தும் நான்கு கால்களின் நுனியும் தெரிய, அது தொங்கியது. ஒரு பக்கம் வழவழப்பாக, மயிர்க்கண்களோடு இருந்தது. மறுபக்கத்தில் சதை சுரண்டிய சொரசொரப்பு. நிறம் மட்டும் சாம்பல் கலந்த பச்சை. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் முன்பு தோல் பதனிடும் ஷாப்புகளில் இருந்தவர்கள் என்பதால் யாரும் அலறவில்லை. ஒருவர் நுனியைக் கிள்ளிப் பார்த்து, நேரத்தோடு உப்பு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். இன்னொருவர் அதைக் கொடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

முனீர் அகமதுவின் தந்தை அதே இடத்தில் தோல் ஷாப் நடத்தியவர். ஆற்றுநீர் கெட்டுப்போன வழக்குகள் வந்த காலத்தில் ஒருநாள் அதிகாரிகள் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். குழியில் ஊறிக்கொண்டிருந்த தோல்கள் அப்படியே அழுகின. அந்த நாற்றம் அடுத்த ரம்ஜான் வரை நெடுஞ்சாலையில் நின்றது. தந்தை அதற்குப் பிறகு தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. முனீர் சில ஆண்டுகள் துபாயில் இருந்துவிட்டு வந்து, சுண்ணாம்புக் குழிகளில் மண் கொட்டி, மேலே காங்கிரீட் போட்டு, கோயம்புத்தூர் பக்கம் மூடிக்கிடந்த ஆலை ஒன்றிலிருந்து பழைய மின் உலையை வாங்கிவந்து நிறுத்தினார். கல் குவாரிகளில் பாறை உடைக்கும் கிரஷர் இயந்திரங்களுக்கு எஃகுத் தாடைகள் வார்ப்பது தொழிலானது. தொழில் மாறியதே தவிர அவருடைய கை மாறவில்லை. சிறுவயதில் தந்தையின் மேசையருகே நின்று தோல்களைத் தரம் பிரிக்கப் பழகிய கை அது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே கழுத்துப் பக்கம் எது, அடிவயிறு எது, உண்ணி கடித்த இடம் எது என்று சொல்லிவிடும். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பர்ஸை ஆழமாகத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அவர் எடுத்துத் தடவி, இது ரெக்சின் என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

உலையை ஓட்டியவர் அருணகிரி, அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். உலைவாசலின் வலப்பக்கம் நின்று, கறுப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, நீண்ட கரண்டியால் மாதிரி எடுப்பதும், கசடை இழுத்து வாசல் வழியாக வெளியே விடுவதும் அவர் வேலை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் அங்கே சிமெண்ட் தரையில் இரண்டு பாதங்களின் பள்ளம் விழுந்திருந்தது. மற்றவர்கள் அதில் நின்று பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் பொருந்தியதில்லை. அவர் மகள் சௌமியா அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். மாலையில் வேலூரில் பகுதிநேர டிப்ளமோ வகுப்பு. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண். இழுத்துப் பார்த்த பிறகும் அது சரியான பூட்டுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

உலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சுருக்கமாகச் சொன்னால் தவறாகிவிடுமோ என்ற தயக்கத்தோடுதான் இங்கே சுருக்கப்படுகிறது. மேலிருந்து மூன்று கரித்தூண்கள் இறங்கி, பழைய இரும்பின் மேல் நிற்காத மின்னலாக மின்சாரத்தைப் பாய்ச்சும். இரும்பு உருகும்போது அழுக்கெல்லாம் மேலே வந்து ஒரு போர்வையாக மிதக்கும். அதுதான் கசடு, ஆலைப் பேச்சில் ஸ்லாக். அழுக்கை நன்றாக வாங்கிக்கொள்ள அதற்குச் சுண்ணாம்பு போடவேண்டும். இவ்வளவு சூட்டையும் தாங்கி நிற்பது உலையின் உட்சுவர். சேலத்திலிருந்து வரும் மேக்னசைட் செங்கல்லால் கட்டியது, அதற்கு வெளியே ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். கசடுக்கு அந்தச் செங்கல்லில் இருக்கும் மேக்னீஷியாவின் மேல் தீராத பசி உண்டு. சுண்ணாம்போடு டோலமைட் கல்லையும் கலந்து போட்டால் அதிலேயே மேக்னீஷியா கிடைத்துக் கசடின் வயிறு நிறைந்துவிடும், சுவரை விட்டுவிடும். போடாவிட்டால் சுவரைத் தின்று நிறைத்துக்கொள்ளும்.

அந்த ஐப்பசியில் வந்த டோலமைட் கறுத்து, தூசியாக இருந்தது. முனீர் அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். தோல் ஷாப்பில் வளர்ந்தவருக்குச் சுண்ணாம்பைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்: வெள்ளையாக இருக்கவேண்டும், நெருடக்கூடாது, வேறு எதுவும் கலந்திருக்கக்கூடாது. நெருடும் சுண்ணாம்பு தோலைக் கீறிவிடும். ஆகவே டோலமைட்டை நிறுத்திவிட்டு, தன் தந்தையின் குழிகளுக்குச் சுண்ணாம்பு அனுப்பிய அதே காளவாயைத் தேடிப்போய், பால் போல வெளுத்த சுட்ட சுண்ணாம்பு வாங்கி வந்தார். வேறு ஊரில், வேறு தொழிலிலிருந்து வந்த முதலாளி யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டார். ஆம்பூர்ப் பக்கத்தில் இது சுத்தம் என்று பெயர் வாங்கியது. அடுத்த சில ஹீட்டுகளில், அதாவது உருக்கி ஊற்றிய சில தடவைகளில், கசடு தோலாக வர ஆரம்பித்தது.

மார்கழி பிறந்தபோது கொடியில் ஆட்டுத்தோல்கள் நிறைந்து, மாட்டுத்தோல் வரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தோலும் முந்தியதைவிட அகலம், முந்தியதைவிடத் தடிமன். முனீர் வீட்டு மாடியில் கிடந்த தந்தையின் மேசையை இறக்கி, ஆலையின் முற்றத்தில் போட்டுத் துடைத்தார். அவருடைய பள்ளித் தோழர் கவுஸ் பாஷா, ஆம்பூர்த் தோல் வியாபாரி, பார்க்க வந்தார். விரித்தார், மடித்தார், காதருகே வைத்து நெரித்துச் சத்தம் கேட்டார், நெருப்புக்குச்சி கிழித்து ஓரத்தில் பிடித்தார். சாயம் ஏறவில்லை, ஊசி ஏறியது, நெருப்பு பிடிக்கவில்லை.

"தோல் ஷாப்ப மூடிட்டேன்னு நீ ஊரெல்லாம் சொன்ன. இது இன்னா?" என்றார் கவுஸ் பாஷா.

"நான் எங்க தோஸ்த் ஆரம்பிச்சேன்? அதுவா வருது."

"மாடு இல்லாம தோலு. மாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

ஒன்றை அவர் தன் ஸ்கூட்டர் இருக்கைக்குப் போட்டுக்கொண்டார். வேலூர் வெயிலில் மத்தியானம் முழுக்க நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அந்த இருக்கை சுடுவதில்லை. இது ஊரில் பரவியதும், கசடு தோலானதைவிட அதைப் பெரிய செய்தியாகப் பேசினார்கள்.

எல்லோரும் தோல் தடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டபோது சௌமியா மட்டும் ஒரு துண்டை வெட்டி, இடித்துப் பொடியாக்கி, கரைத்துச் சோதித்தாள். மேக்னீஷியா நிறைய இருந்தது. கரைசல் பழையதாக இருக்குமோ என்று புதிதாகக் கலந்து மறுபடி சோதித்தாள். கண்ணாடிக் குழாயைக் கழுவி மறுபடி சோதித்தாள். டோலமைட்டே போடாத உலையில் அவ்வளவு மேக்னீஷியா வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் தந்தையிடம் கேட்டாள்.

"ப்பா, அந்தத் தோலு எங்கிருந்து வருது?"

"ஸ்லாக்லருந்து."

"ஸ்லாக்குக்கு எங்கிருந்து வருது?"

அருணகிரி சோற்றைப் பிசைந்தார். "நீயே சொல்லிடு. நான் சாப்புடணும்."

"சொவத்துலருந்து. லைனிங்கத் தின்னுது ப்பா. தோலு தடிக்க தடிக்க சொவரு எளைக்குது. நீ அந்தச் சொவத்துக்கு எதிர்லதான் நிக்கிற."

"தெனம் ஊத்தி முடிச்சதும் எட்டிப் பாக்குறேன். சொவரு பளபளன்னு கீது."

"பளபளன்னு கீறது ஸ்லாக் பூசுனது. அதுக்குப் பின்னால செங்கல்லு எவ்ளோ மிச்சம்னு வெளியருந்து தெரியாது." சொல்லிவிட்டு, வழக்கப்படி சேர்த்துக்கொண்டாள்: "நான் பாத்ததுல தப்பு இருந்தாலும் இருக்கும்."

"பாத்தியா, அவளே சொல்லிட்டா" என்றார் அருணகிரி மனைவியிடம், மிகுந்த திருப்தியோடு.

சுந்தரி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவ தப்பு இருக்கும்னு சொல்லாம என்னைக்கு எதச் சொல்லியிருக்கா? பொறந்தப்போ அழுததே சந்தேகமாத்தான் அழுதா. அதுக்காக அவ சொல்றது தப்பாயிடுமா? நாளைக்கே பாய்கிட்ட போய்ச் சொல்லுடி" என்றாள்.

சௌமியா போய்ச் சொன்னாள். டோலமைட்டை மறுபடி போடவேண்டும், உலையை நிறுத்தி உட்சுவரைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றாள். நிறுத்தவேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும் முனீர் எழுந்து போய் ஜன்னல் வழியாக உலையைப் பார்த்தார், அது ஓடுகிறதா என்று சரிபார்ப்பது போல. சௌமியாவை அவர் எப்போதும் உருதுவில், மகளே என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டி, எங்க அப்பா காலத்துல ஒரு தடவ நிறுத்த வச்சாங்க. ரெண்டு நாளுன்னு சொன்னாங்க. அப்புறம் அது ஓடவே இல்ல. நெருப்ப அணச்சா மறுபடி பத்தும்னு எனக்கு நம்பிக்க கம்மி."

"இது அது மாதிரி இல்ல பாய். செங்கல்லு மாத்திட்டு மறுபடி ஓட்டலாம்."

"எதுல வேணா கொற சொல்லு. சுண்ணாம்புல மட்டும் சொல்லாத. அது எங்க குழியில போட்ட சுண்ணாம்பு."

"குழியில அது இன்னா பண்ணும் பாய்?"

"மயிர உதுத்துடும். தோல இளக்கி, உப்ப வச்சு..." முனீர் பாதியில் நிறுத்தி, தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "தாடை ஆர்டர் முடியட்டும். பொங்கல் போவட்டும். பாக்கலாம்" என்றார்.

அதன்பின் சௌமியா செய்தது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஹீட் நடக்கும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, உலைவாசலுக்கு வந்து தந்தையின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா இங்க?" என்றார் அருணகிரி.

"சாம்பிள் வாங்க வந்தேன்."

"நான்தான எடுத்து அனுப்புவேன்? உள்ள போ. மூஞ்சி வெந்துடும்."

"நீ நிக்கிற எடத்துலதான நிக்கிறேன். சொவரு நல்லாத்தான கீது?"

அவளை அனுப்ப ஒரே வழி, சுவர் நன்றாக இல்லை என்று அவரே ஒப்புக்கொள்வது. அதை ஒப்புக்கொண்டால் அவரும் நிற்கமுடியாது. அவர் நிற்காவிட்டால் உலையை ஓட்ட அங்கே வேறு ஆள் இல்லை. ஆகவே இருவரும் நின்றார்கள். சுந்தரி அன்றிலிருந்து கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே, பள்ளிகொண்டாவில் படுத்திருக்கும் ரங்கநாதரை எழுப்பி எழுப்பி வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்தாரா என்பதைப் பற்றி இங்கே எதுவும் சொல்வதற்கில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் எருமைத்தோல் வந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. கழுத்து, முதுகு, இரண்டு விலா, வால் என்று ஒரு குறையும் இல்லாத முழுத்தோல். அது ஆறுவதற்குள் அடுத்த ஹீட்டுக்குப் போட்ட இரும்பு உருகிவிட்டது, அருணகிரி உலைக்குப் போய்விட்டார். சௌமியா மட்டும் தோலை அளக்க முற்றத்தில் சற்றுத் தாமதித்தாள். தற்செயலாகத் தாமதித்தாள் என்று சிலரும், தோலில் ஏதோ கண்டுதான் தாமதித்தாள் என்று சிலரும் சொல்கிறார்கள். அவளைக் கேட்டால் நிச்சயமாகத் தெரியவில்லை என்பாள். கவுஸ் பாஷாவும் வந்திருந்தார். தோலை மேசையில் விரித்ததும் வலது விலாவில், வாலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று தெரிந்தது.

"அடடா" என்றார் கவுஸ் பாஷா. "இவ்ளோ நல்ல தோலு. உரிக்கும்போது கத்தி பட்டுடுச்சு."

யாரும் உரிக்கவில்லை என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை. முனீர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையின் ஓரத்தை விரலால் சுற்றி வந்தார். ஒருமுறை போதாமல் மறுபடி வந்தார்.

"கத்தி இல்ல" என்றார். "கத்தின்னா ஓரம் நறுக்குன்னு இருக்கும். இது சுத்தி எளச்சு எளச்சு வந்து ஓட்டையாயிருக்கு. இது புண்ணு. மாடு உசுரோட இருந்தப்பவே இருந்த புண்ணு."

சௌமியா தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தோலு வரலன்னா அந்த எடத்துல சொவரு தேயலன்னுதான பாய் அர்த்தம்? அங்க மட்டும் தப்பிச்சிடுச்சு."

"இல்ல பேட்டி. சொவத்துகிட்ட மிச்சம் இருந்தா குடுத்திருக்கும்." அவர் கண்ணைத் திறந்தார். "ஃபர்னஸ்ல இது எந்த எடம்?"

வால் நுனி எப்போதும் உலைவாசலில்தான் விடுபடும், அதை அவள் முதல் ஆட்டுத்தோலிலிருந்தே கவனித்திருந்தாள். கழுத்து, எஃகை ஊற்றும் மூக்கின் பக்கம். ஆகவே வாலுக்கு வலப்பக்கம் என்றால் வாசலுக்கு வலப்பக்கம். அவள் திரும்பி உலையைப் பார்த்தாள், முனீரும் பார்த்தார். அங்கே, இரண்டு பாதப் பள்ளங்களிலும் கால் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு அவள் தந்தை நின்றிருந்தார்.

உலை ஓடும்போது ஆலைக்குள் பேசுவது கேட்காது, கத்துவதும் கேட்காது. சௌமியா தந்தையை நோக்கி ஓடினாள். முனீர், ஒரு செருப்பு மேசைக்கடியில் கழன்று விழ, மறுபக்கம் ஓடினார். அவர் ஓடியது மின்விசைப் பலகைக்கு. எந்தக் காலத்திலும் நிறுத்தமாட்டேன் என்றிருந்த விசையைத் தன் கையாலேயே இழுத்தார். கரித்தூண்களில் மின்னல் அணைந்தது. தந்தையின் தோல் ஷாப் மூடிய நாளிலிருந்து அவர் கேட்கப் பயந்திருந்த அமைதி, ஆலை முழுக்கப் பரவி நின்றது. ஆற்றுப்பக்கம் ஒரு கொக்கு கத்தியது தெளிவாகக் கேட்டது.

அருணகிரி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னா பாய், கரெண்ட்டு போச்சா?"

"நான்தான்யா நிறுத்துனேன்! வா இந்தப் பக்கம்!"

"உள்ள எஃகு ரெடியா கீது பாய், இப்போ நிறுத்துனா..."

அதற்குள் சௌமியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பள்ளங்களிலிருந்து அவர் கால் விடுபட்டபோது சகதியிலிருந்து எடுத்தது போல ஒரு சத்தம் வந்ததாகச் சொல்கிறார்கள். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மூக்குப் பக்கத்து மேடைக்குப் போய், தயாராகச் சூடேற்றி வைத்திருந்த வாளியைக் கிரேனில் கொண்டுவரச் சொல்லி, உலையைச் சாய்த்தார். உலை தன் மூக்கை வாளிக்குள் கவிழ்க்கக் கவிழ்க்க, வாசல் பக்கம் மேலே எழும்பியது, எஃகு அந்தப் பக்கத்துச் சுவரை விட்டு விலகியது. கடைசித் தாரை வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தபோது, வாசலுக்கு வலப்பக்கம், வெளித்தகட்டில் உள்ளங்கை அளவு இடம் சிவந்தது. பிறகு வெளுத்தது. பிறகு அந்தத் துண்டு வெற்றிலை உதிர்வது போல உதிர்ந்தது. உள்ளே எஃகு இல்லை. ஓட்டை வழியாக வெளியே வந்தது வெளிச்சம் மட்டும்தான். அது நேராகத் தரையில் விழுந்தது. இரண்டு பாதப் பள்ளங்களும் கொஞ்சநேரம் வெளிச்சத்தால் நிரம்பியிருந்தன. ஒரு சொட்டு எஃகும் விழுந்து, இடது பள்ளத்தில் குதிகால் வடிவத்தில் உறைந்தது என்று இன்னொரு பேச்சு இருக்கிறது. சௌமியாவின் மேசையில் காகிதத்துக்குப் பாரமாக அப்படி ஓர் இரும்பு இருப்பது உண்மை.

சௌமியா தந்தையின் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு இடது கையையும் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள். முனீர் ஒற்றைச் செருப்போடு தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும், நடந்ததற்கெல்லாம் பரிகாரம் போல ஒரே வாக்கியம் சொன்னார்: "நாளைக்கு டோலமைட் வந்துடும் பேட்டி." பிறகு மெல்ல, "ஆர்டர்..." என்று இழுத்தார்.

"எஃகு வாளில பத்திரமா கீது பாய்" என்றார் அருணகிரி. "அச்சு ரெடின்னா ஊத்திடலாம். ஆறிடப் போவுது, எழுந்திருங்க."

ஊற்றினார்கள். அந்தத் தாடைகள் இன்றும் ஏதோ ஒரு குவாரியில் பாறை மென்றுகொண்டிருக்கின்றன.

உலை குளிர்ந்ததும் உட்சுவரைப் பிரித்தார்கள். மற்ற இடங்களில் செங்கல் பாதியாவது மிஞ்சியிருந்தது. வாசலுக்கு வலப்பக்கம் மட்டும், கசடு மிதக்கும் மட்டத்தில், அப்பளம் போல ஒன்று கையோடு வந்தது. கொத்தனார்கள் சேலத்துச் செங்கல்லை அடுக்கிய நாட்களில் எல்லோருக்கும் விடுமுறை. அருணகிரி குடும்பம் அவ்வளவு வருடமும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஏலகிரிக்கு முதல் தடவையாகப் போனது. ஏரியில் படகில் ஏறியதுமே அவர் தூங்கிவிட்டார். சுந்தரி படகுக்காரரிடம் இன்னொரு சுற்று போகச் சொன்னாள், எழுப்ப வேண்டாம் என்றாள். கீழே முனீர் அந்த நாட்களில் தூங்கவில்லை. மறுபடி உலையை ஓட்ட வேண்டிய காலையில் அவர் கை விசையின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. கவுஸ் பாஷா பின்னாலிருந்து, "தள்ளு, நான் போடுறேன். உன் அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றதும் அழுத்திவிட்டார். மின்னல் உடனே பற்றியது. அத்தனை சத்தத்தில் அவர் சிரித்தது யாருக்கும் கேட்கவில்லை, பல் தெரிந்தது.

டோலமைட் போட்டால் தோல் வருவது நின்றுவிடும் என்று சௌமியா நினைத்திருந்தாள். நிற்கவில்லை. ஆனால் எருமை போய், மாடு போய், பிறந்து சில நாளேயான ஆட்டுக்குட்டியின் தோல் போல, விரல் ரேகை மறுபக்கம் தெரியும் மென்மையில் வந்தது. சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசடு கொஞ்சம் தொட்டுத்தான் பார்க்கும் என்று அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது தோலாகத்தான் வரவேண்டுமா என்று வகுப்பில் கேட்கலாமா என யோசித்து, பிறகு விட்டுவிட்டாள். எருமைத்தோலைச் சுந்தரி கம்பெனி ஊசியால் தைத்து, கணவருக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஓர் ஏப்ரனாக்கினாள். ஓட்டை முழங்காலுக்கு வந்தது. அதில் ஒரு குட்டித்தோலை வைத்து, ஷூவின் மேல்தோலுக்குப் போடும் இரட்டைத் தையல் போட்டாள். "இதையும் ஓட்ட பண்ணிட்டு வந்தீங்கன்னா நான் தைக்கமாட்டேன்" என்றாள். நெருப்புப்பொறி அதன்மேல் விழுந்தால் மழைத்துளி போல உருண்டு போகும்.

தரையையும் புதிதாகப் பூசினார்கள். சித்திரைக்குள் அதே இடத்தில் இரண்டு பள்ளமும் மறுபடி விழுந்துவிட்டன.

செங்கல் கம்பெனியிலிருந்து ஒரு பிரதிநிதி, சேலத்துக்காரர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். சுவர் எப்படி உழைக்கிறது என்று அவர் கேட்டபோது முனீர் அன்றைய தோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பினார், விரலால் நெருடினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் தாங்கும்" என்றார். "கன்னுக்குட்டி அளவு வரும்போது ஒரு போன் போடுங்க, செங்கல்லு அனுப்புறேன்." டீ வந்ததும் தோலை மடித்து வைத்துவிட்டு, இந்த வருடம் மாங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினார்.

இப்போது எல்லா ஹீட்டும் இப்படித்தான் முடிகிறது. தோல் ஆறியதும் முற்றத்து மேசையில் விரிப்பார்கள். முனீர் கண்ணை மூடிக் கழுத்திலிருந்து வால் வரை தடவுவார், வாலுக்கு வலப்பக்கம் மட்டும் இன்னொரு தடவை. அவர் முடித்ததும் சௌமியாவும் அதே இடத்தைத் தடவுவாள். உள்ளேயிருந்து அருணகிரி குரல் கொடுப்பார்.

"இன்னா பாய், ஆடா மாடா?"

"ஆடு" என்பார் முனீர்.

"ஆடுதான் ப்பா" என்பாள் சௌமியா.

அருணகிரி ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளங்களில் கால் வைத்து, அடுத்த இரும்பைப் போடச் சொல்வார்.